மாத்திரை அட்டையின் பின்பக்கம்

சென்ற மாதம் இதே பக்கத்தில் வீட்டு மருந்து அலமாரியைச் சுத்தம் செய்வது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்த கேள்வி என்னை ஒரு வாரம் தூங்க விடவில்லை. “டாக்டர் எழுதிய பெயரில் மாத்திரை இல்லை என்று கடைக்காரர் வேறு பெயரில் ஒன்று தருகிறார். விலை பாதிதான். அட்டையின் பின்னால் பார்த்தால் சின்ன எழுத்தில் அதே மருந்துப் பெயர். ஒரே மருந்தை இத்தனை கம்பெனிக்காரர்கள் எப்படிச் செய்கிறார்கள்? யார் அனுமதித்தது? இதில் ஏமாற்று ஏதும் உண்டா?” என்று கேட்டிருந்தார்.

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். எங்கள் குடும்பம் இதை மூன்று வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக் கொண்டு படித்தது.

2010ஆம் வருஷம் ஆடி மாதம். என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், ஓயாமல் அசதி அசதி என்று சொல்லிக் கொண்டிருந்தார். வீட்டு வேலை அதிகம், வயதும் நாற்பத்தைந்தைத் தாண்டியாச்சு, அதுதான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். பிறகு இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்து போகிறது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் லட்சத்துக்கு மேல். மாயவரத்து டாக்டர் அன்றைக்கே சென்னைக்குப் போகச் சொல்லிவிட்டார். ரத்தப் புற்றுநோய்.

சென்னையில் பார்த்த டாக்டர் தங்கமான மனுஷர். “அழாதீங்கம்மா. பத்து வருஷத்துக்கு முந்தி வந்திருந்தா நான் இவ்வளவு தைரியமாப் பேசியிருக்க மாட்டேன். இப்ப இந்த வகைக்கு மாத்திரை வந்தாச்சு. தினம் ஒண்ணு. சர்க்கரை மாத்திரை மாதிரி விடாமப் போட்டுக்கணும், அவ்வளவுதான்” என்றார். மருந்தின் பெயர் இமாடினிப்.

விலை கேட்டபோதுதான் தலை சுற்றியது. அதைக் கண்டுபிடித்த ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியான நோவார்ட்டிஸ், க்ளிவெக் என்ற பெயரில் விற்றது. ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய ரூ. 1,20,000. நம் நாட்டுக் கம்பெனிகள் செய்த அதே மருந்து ரூ. 8,000லிருந்து 10,000க்குள். டாக்டர் இரண்டாவதைத்தான் எழுதினார். வீட்டில் ஒரே சண்டை. என் மாமியார், “ஆறு மா நிலம் சும்மாத்தானே கிடக்கு? வித்துப்புட்டு ஒரிஜினலே வாங்குங்கடா. எம் பொண்ணுக்கு டூப்ளிகேட்டு வேண்டாம்” என்று அழுதார். டூப்ளிகேட் இல்லை, அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்த மருந்து என்று டாக்டர் போனில் ஒரு தடவை, நேரில் ஒரு தடவை சொன்ன பிறகுதான் அடங்கினார். மூன்றே மாதத்தில் வெள்ளை அணுக்கள் ஒழுங்குக்கு வந்துவிட்டன.

அண்ணியின் பிள்ளை அப்போது சென்னையில் சட்டம் படித்துக் கொண்டிருந்தான். தீபாவளிக்கு வந்தவன், நான் கைமுறுக்கு சுற்றிக் கொண்டிருந்த மணைக்கு எதிரில் உட்கார்ந்து, “அத்தை, அம்மா சாப்பிடற மாத்திரை மேல டெல்லியில கேஸ் நடக்குது. கம்பெனி ஜெயிச்சிட்டா இந்த எட்டாயிரம் ரூபா மாத்திரை நின்னுடும்” என்றான். கையிலிருந்த மாவு அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து பேடண்ட் என்றால் என்ன, இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று அவனைத் துளைத்து எடுத்தேன். அவன் சொன்னதும் பிறகு நான் படித்துத் தெரிந்து கொண்டதும்தான் இங்கே எழுதுவது.

பேடண்ட்டைத் தமிழில் காப்புரிமை என்கிறார்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் ரகசியத்தை ஊரறிய எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக, இத்தனை வருஷம் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று சர்க்கார் அவருக்கு உரிமை கொடுக்கும். கெடு முடிந்தால் அது எல்லோருக்கும் பொது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த உரிமை ஆரம்பத்தில் அப்படி ஒன்றும் நியாயமாக நடக்கவில்லை. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணி தமக்கு வேண்டியவர்களுக்கு உப்புக்கும், சீட்டுக்கட்டுக்கும், துணிக்குப் போடும் கஞ்சி மாவுக்கும்கூட ஏகபோக உரிமை கொடுத்திருந்தாராம். உப்பை யார் கண்டுபிடித்தார்கள்? ஜனங்கள் முணுமுணுத்து, பாராளுமன்றத்தில் சண்டை போட்டு, 1624இல் ஒரு சட்டம் வந்தது. உண்மையிலேயே புதிய கண்டுபிடிப்புக்கு மட்டும், அதுவும் 14 வருஷத்துக்கு மட்டும் என்று அது வரம்பு கட்டியது.

நம் நாட்டுக்கு வெள்ளைக்காரர்கள் இதை 1856இல் கொண்டு வந்தார்கள். முதல் உரிமை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற இன்ஜினீயர், பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு வாங்கினார். துரைமார் வீடுகளில் கூரையிலிருந்து தொங்கும் துணி விசிறியை வெளியே உட்கார்ந்து ஒரு ஆள் கயிற்றால் இழுத்துக் கொண்டே இருப்பானே, அந்த வேலையைச் செய்ய ஒரு யந்திரம். அந்தச் சட்டமும், விக்டோரியா ராணியின் சம்மதம் கேட்காமல் போட்டுவிட்டார்கள் என்று மறு வருஷமே ரத்தாகி, 1859இல் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு நமக்கு வேண்டியது 1911ஆம் வருஷத்துச் சட்டம்தான். சுதந்திரம் வந்த பிறகும் அதே சட்டத்தைத்தான் வைத்திருந்தோம்.

அந்தச் சட்டத்தில் மருந்தின் மேலேயே உரிமை வாங்கலாம். கெடு 16 வருஷம். வெளிநாட்டுக் கம்பெனிகள் வாங்கி வைத்துக் கொண்டு, அங்கே செய்து இங்கே கப்பலில் அனுப்பி, வைத்த விலைக்கு விற்றார்கள். நம்மவர்கள் செய்யப் போனால் கோர்ட்டு. டோல்புடமைட் என்ற சர்க்கரை வியாதி மாத்திரையை பம்பாய்க் கம்பெனி ஒன்று செய்யப் போய், 1968இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஜெர்மன் கம்பெனியிடம் தோற்றது. அதற்கு முன்பே, அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கெஃபாவர் என்ற செனட்டரின் கமிட்டி பல நாடுகளின் மருந்து விலையை ஒப்பிட்டுப் பார்த்தது. உலகத்திலேயே மருந்து மிக அதிக விலைக்கு விற்கும் நாடுகளின் வரிசையில் ஏழை இந்தியாவும் இருந்தது! நம் பாட்டிமார்கள் கஷாயத்தையே நம்பிக் கொண்டிருந்ததில் என்ன ஆச்சரியம்?

இதை மாற்ற வேண்டும் என்று லாகூர் உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த பக்ஷி டேக் சந்த் தலைமையில் 1948இல் ஒரு கமிட்டி போட்டார்கள். அதையொட்டி 1953இல் வந்த மசோதா நிறைவேறாமல் போயிற்று. 1957இல் இந்தப் பொறுப்பை ஒரே ஒரு மனிதரிடம் கொடுத்தார்கள். அவர் நம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். எத்தனையோ தலைவர்களின் பிறந்த நாளை நினைவு வைத்திருக்கிறோம். இவர் பெயரை எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. அண்ணி பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

அய்யங்கார் கணக்கை எடுத்துப் பார்த்தார். இந்தியாவில் கொடுத்த பேடண்டுகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு வெளிநாட்டார் கையில். அவற்றிலும் தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் இந்த நாட்டில் உபயோகத்துக்கே வரவில்லை; அதாவது அந்தப் பொருளை இங்கே செய்யவே இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், வயலை வளைத்து வேலி போட்டுவிட்டுத் தானும் விதைக்காமல் அடுத்தவனையும் விதைக்க விடாமல் இருப்பது. 1959 செப்டம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். பேடண்டே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பொருளுக்கும் மருந்துக்கும் பொருளின் மேல் உரிமை கொடுக்காதீர்கள், செய்யும் முறையின் மேல் கொடுங்கள் என்றார்.

இதைப் புரிந்து கொள்ள எனக்கு மைசூர்பாகுதான் உதவியது. என் அம்மா பாகு பதம் பார்த்துக் கொதிக்கும் நெய்யை ஊற்றிச் செய்வது ஒரு முறை. எதிர்வீட்டு மாமி கடலைமாவை முதலில் நெய்யில் கரைத்துக் கொண்டு செய்வது வேறு முறை. அம்மாவுக்கு மைசூர்பாகின் மேலேயே உரிமை கொடுத்தால் எதிர்வீட்டில் அடுப்பே மூட்டக் கூடாது. அம்மாவின் முறையின் மேல் மட்டும் கொடுத்தால், மாமி தன் முறையில் தாராளமாகச் செய்து விற்கலாம். தெருவில் இரண்டு பேர் விற்றால் விலை தானாக இறங்கும்.

அறிக்கை கொடுத்துப் பதினோரு வருஷம் ஆயிற்று சட்டமாக. 1965இல் ஒரு மசோதா வந்து, லோக்சபா கலைந்ததில் போயிற்று. 1967இல் மறுபடியும் ஒன்று வந்தது. பெரிய கம்பெனிகளின் எதிர்ப்பு கொஞ்சமா நஞ்சமா? கடைசியில் 1970இல் பாராளுமன்றம் நிறைவேற்றி, 1972 ஏப்ரல் 20ஆம் தேதி அமலுக்கு வந்தது. உணவு, மருந்து, ரசாயனம் மூன்றுக்கும் செய்முறைக்கு மட்டும்தான் உரிமை. உணவு, மருந்து செய்முறைகளுக்கு அதிகம் போனால் 7 வருஷம். மற்ற கண்டுபிடிப்புகளுக்கு 14 வருஷம்.

திண்டுக்கல் சகோதரியே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். ஒரே மருந்து பத்துப் பெயரில் வருவதற்கு வழி திறந்தது இந்தச் சட்டம். நம் ரசாயன நிபுணர்கள் வேறு வேறு முறையில் அதே மருந்தைச் செய்யக் கற்றுக் கொண்டார்கள். நமக்கு மட்டுமில்லை; எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துச் சிகிச்சைக்கு வெளிநாடுகளில் வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆகிக் கொண்டிருந்தபோது, 2001இல் நம் பம்பாய் சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. ஆப்பிரிக்காவில் எத்தனை தாய்மார்கள் அதனால் பிழைத்தார்கள்!

ஆனால் அதற்குள் காற்று மாறியிருந்தது. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால், மருந்தின் மேலேயே 20 வருஷ உரிமை கொடுத்தாக வேண்டும் என்ற ஒப்பந்தத்துக்கு நாம் கட்டுப்பட்டோம். 1995 ஜனவரி 1ஆம் தேதி அந்த ஒப்பந்தம் வந்தது. நமக்கு 2005 வரை தவணை. 2005 மார்ச்சில் பாராளுமன்றத்தில் திருத்தச் சட்டம் வந்தபோது, இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவில்தான் அரசு நின்றது. அவர்கள் பிடித்த பிடியில் ஒரு சின்னப் பிரிவு உறுதியாக உள்ளே வந்தது. 3(டி) என்று பெயர். ஏற்கெனவே தெரிந்த ஒரு மருந்தைக் கொஞ்சம் உருவம் மாற்றிக் கொண்டு வந்து புதுசு என்று உரிமை கேட்டால் கிடையாது. நோயைத் தீர்க்கும் குணம் கணிசமாகக் கூடியிருந்தால்தான் உண்டு. பழைய புளிக்காய்ச்சலைப் புது ஜாடியில் போட்டுக் கொண்டு வந்தால் செல்லாது என்று நான் புரிந்து கொண்டேன்.

இப்போது அண்ணியின் மாத்திரைக்கு வருகிறேன். இமாடினிப் என்ற மூல மருந்துக்கு வெளிநாட்டில் உரிமை வாங்கிய காலத்தில் இங்கே மருந்தின் மேல் உரிமையே கிடையாது. அதன் உப்பின் ஒரு வகைப் படிகத்துக்கு 1998இல் கம்பெனி சென்னைப் பேடண்ட் ஆபீசில் மனுப் போட்டது. மனு பெட்டியில் காத்திருந்த சமயத்திலேயே, 2003இல் தனியாக விற்கும் தற்காலிக உரிமை ஒன்றும் கிடைத்தது. அதைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போய், சில இந்தியக் கம்பெனிகளின் மாத்திரைகளை நிறுத்தியும் வைத்தார்கள். அண்ணிக்கு அந்த இரண்டு வருஷத்தில் வியாதி வந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நடுங்குகிறது. பம்பாயில் உள்ள புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் ஒன்றும் மனுவை எதிர்த்தது. 2006 ஜனவரியில் சென்னை ஆபீஸ் மனுவைத் தள்ளியது. 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி வழக்குப் போட்டது. 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் அதையும் தள்ளியது. மேல்முறையீட்டு வாரியமும் மறுக்க, கடைசியில் உச்ச நீதிமன்றம்.

2013 ஏப்ரல் 1ஆம் தேதி. அண்ணி பிள்ளை காலையில் போன் பண்ணி, “அத்தை, ஜெயிச்சாச்சு!” என்றான். “ஏண்டா, இன்னிக்கு முட்டாள்கள் தினம்னு விளையாடறியா? இதுல போய் விளையாடலாமா?” என்று கத்திவிட்டேன். மத்தியான நியூஸில் பார்த்த பிறகுதான் நம்பினேன். நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய். இந்தப் படிகம் உடம்பில் 30 சதவிகிதம் அதிகமாகச் சேருகிறது என்று கம்பெனி வாதாடியது. சேருவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு. குணம் கூடியதற்கு அத்தாட்சி இல்லை என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் பக்கம் பக்கமாக நம் அய்யங்கார் அறிக்கையைப் பற்றி எழுதியிருக்கிறது என்று அவன் கொண்டு வந்து காட்டினான். இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. பெயரை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

கம்பெனியின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் தப்பு. எங்களிடம் மருந்து வாங்கும் பெரும்பாலான இந்திய நோயாளிகளுக்கு இலவசமாகத்தான் தருகிறோம் என்றார்கள். அப்படி வாங்கியவர்கள் உண்டு. அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவர்கள் இல்லாவிட்டால் அண்ணியே இல்லை. பணம் போட்டு, வருஷக் கணக்கில் ஆராய்ச்சி செய்பவருக்குப் பலன் வேண்டாமா என்று என் கணவர் கேட்பார். வேண்டும்தான். ஒரு தரம் கொடுங்கள். படிகம், பூச்சு, கலவை என்று அதையே நாலு தரம் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. இலவசம் என்பது அவர்கள் மனசு வைத்தால் வருவது. கடையில் எட்டாயிரத்துக்குக் கிடைப்பது நாம் கேட்டு வாங்குவது. இந்த வித்தியாசம் நோயாளியின் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

சட்டத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. உரிமை வாங்கியவர் கட்டுப்படியாகும் விலையில் தராவிட்டால், வேறொருவரைச் செய்யச் சொல்லிச் சர்க்காரே கட்டாய லைசென்ஸ் கொடுக்கலாம். 2012 மார்ச்சில், சிறுநீரக, ஈரல் புற்றுநோய்க்கான நெக்ஸவார் என்ற மருந்துக்கு அப்படிக் கொடுத்தார்கள். மாதத்துக்கு ரூ. 2,80,000க்கு மேல் இருந்த மருந்தை ஹைதராபாத் நாட்கோ கம்பெனி ரூ. 8,880க்குத் தர வேண்டும், உரிமைக்காரருக்குப் பங்கும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. மருந்து விஷயத்தில் இந்தக் கதவு திறந்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு இதிலெல்லாம் மிகவும் பிடித்தது இரண்டு பெண்களின் கதை. பம்பாயைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்தின் பக்க விளைவால் இருவருக்குமே காது போய்விட்டது. கடுமையான காசநோய்க்கு பெடாகுவிலின் என்று காதைக் கெடுக்காத மாத்திரை வந்திருக்கிறது. அதன் மூல உரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. அந்த மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னும் நாலு வருஷம் உரிமை கேட்டு ஜான்சன் அண்ட் ஜான்சன் மனுப் போட, இவர்கள் எதிர் மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் கம்பெனியின் மனு தள்ளுபடியாயிற்று. வக்கீல் பட்டமோ கம்பெனியோ இல்லாமல், யார் வேண்டுமானாலும் இப்படி எதிர்க்கலாம் என்று நம் சட்டத்தில் இருக்கிறது.

அந்த எதிர் மனுவுக்கு முன்பெல்லாம் கட்டணமே கிடையாது. 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்திக் கட்டணம் வைத்துவிட்டார்கள்; மனு எடுத்துக் கொள்ளத் தகுந்ததா என்று அதிகாரி முதலில் தீர்மானிக்கவும் வழி செய்துவிட்டார்கள். வீணாக மனுப் போட்டு இழுத்தடிப்பவர்களைத் தடுக்க என்று காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வியாதியும் கையுமாக இருப்பவர்கள்தானே முதலில் பின்வாங்குவார்கள்?

சகோதரிகளே, ஒரு வார்த்தை. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கிறோம் என்று நாமாகவே மருந்தை மாற்றிவிடக் கூடாது. மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, கெடு தேதி மூன்றையும் பார்த்து, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள். வலிப்பு, தைராய்டு மாத்திரைகளில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பில்லை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

அண்ணி இன்றும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு அந்த மாத்திரையைப் போட்டுக் கொள்கிறார். விலை அன்றைக்கு இருந்ததைவிட இன்னும் இறங்கியிருக்கிறது. ஆறு மா நிலமும் இருக்கிறது. இந்த வருஷம் உளுந்து போட்டிருக்கிறோம். போன வாரம் அவர் பிள்ளை வந்தபோது, அந்த இரண்டு பெண்கள் போட்ட எதிர் மனு எப்படி இருக்கும் என்று கேட்டேன். போனில் எடுத்துக் காட்டினான். படிவம் 7(ஏ) என்று பெயர். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க நான் நிரப்பிய மனுவைவிடச் சின்னதாகத்தான் இருக்கிறது.